சாலைசாரா ஊர்தியில் காற்றமுக்கி பொருத்துதல்

ஊர்தியகக் காற்றமுக்கி என்பது மணல், பாறை, சேறு போன்ற சாலையற்ற நிலப்பரப்புகளில் செல்லும் நான்குசக்கர உந்து ஊர்திகளில் நிலையாகப் பொருத்தப்பட்டு, அழுத்தமூட்டிய காற்றை வழங்கும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது கம்ப்ரசர் என்றே அறியப்படுகிறது. டயர்களுக்கு மீண்டும் காற்று நிரப்புவது இதன் முதன்மையான பணி. காற்றழுத்தத்தால் இயங்கும் டிஃபரன்சியல் பூட்டுகளை இயக்குதல், காற்றடைத்த தொங்கல் பைகளின் உயரத்தைச் சரிசெய்தல், சிறு கருவிகளை இயக்குதல், காற்று வடிகட்டியில் படிந்த தூசியை ஊதி அகற்றுதல் ஆகியவை இதன் ஏனைய பயன்கள். கடையில் வாங்கிய கருவியை நான்கு திருகாணிகளால் இறுக்கிவிடுவதுடன் இவ்வேலை முடிந்துவிடுவதில்லை. கருவி எங்கே அமர்கிறது, எத்தகைய கம்பியில் மின்சாரம் பெறுகிறது, அதில் உண்டாகும் வெப்பம் எவ்வாறு வெளியேறுகிறது என்பனவே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

காற்றைக் குறைப்பதும் மீட்பதும்

மணலில் ஓடும் ஊர்தியின் டயர்களிலிருந்து காற்றை ஓரளவு வெளியேற்றுவது நெடுங்கால வழக்கம். டயரின் காற்றழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகில், சுருக்கமாக பிஎஸ்ஐ என அளக்கப்படுகிறது. 2,400 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 600 கிலோகிராம் சுமையைத் தாங்குகிறது. டயரில் 36 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிலோகிராம் அழுத்தம் இருந்தால், அச்சுமையைத் தாங்க ஏறத்தாழ 240 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையில் பதிய வேண்டும். அழுத்தத்தை 18 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் இப்பரப்பு இருமடங்கை நெருங்குகிறது. டயரின் பக்கச்சுவரும் ஒரு பகுதிச் சுமையைத் தாங்குவதால் உண்மையான கூடுதல் சற்றுக் குறைவாகவே இருக்கும். தரையில் பதியும் தடம் அகலத்தைக் காட்டிலும் நீளத்திலேயே மிகுதியாக வளர்கிறது. இதனால் சக்கரம் மணலைத் தோண்டிப் புதையாமல் அதன் மேலே ஏறிச் செல்கிறது. பாறைகளிலோ, இளகிய டயர் கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்து அதனைப் பற்றிக்கொள்கிறது.

இடர் எழுவது திரும்பும் வழியில்தான். காற்றுக் குறைந்த டயருடன் நெடுஞ்சாலையில் விரைந்து சென்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் மிகையாக மடங்கி விரிந்து சூடாகிறது. தொடர்ந்து ஓட்டினால் இரப்பரும் உள்ளிழைகளும் பிரிந்து டயர் வெடிக்கக்கூடும். ஊர்தியின் திருப்பும் திறனும் தடுப்புத் திறனும் முன்பே கெட்டுவிடுகின்றன. எனவே காற்றை மீண்டும் நிரப்ப வழியில்லாதவர் அதனைக் குறைக்கத் தயங்குவார். குறைக்காதவர் மணலில் புதைவார். காற்றமுக்கியின் தேவை இந்த முடிச்சிலிருந்தே பிறக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கே'காரி தீவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2023 வரை பிரேசர் தீவு என அழைக்கப்பட்ட இது உலகின் மிகப்பெரிய மணல் தீவாகும். அதன் கிழக்குக் கடற்கரை மணலே ஊர்திகள் செல்லும் பாதையாக உள்ளது. ஊர்திகள் அங்கே காற்றைக் குறைத்து ஓடிவிட்டு, படகில் தலைநிலம் சேர்ந்தபின் தார்ச்சாலையில் ஏறுமுன் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். சிம்ப்சன் பாலைவனத்தின் நிலை இன்னும் கடினமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகளைக் கடக்கும் அவ்வழியில் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு எரிபொருள் நிலையமே இல்லை.

வரலாறு

பாலைவனத்தில் தானுந்து ஓட்டும் கலையை வளர்த்தவர்களுள் பிரித்தானியரான இரால்ஃப் பேக்னால்டு குறிப்பிடத்தக்கவர். 1920களிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தில் பயணம் செய்த அவரது குழுவினர் மென்மணலில் டயர் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினர். 1940இல் அவர் உருவாக்கிய நெடுந்தொலைப் பாலைவனப் படையிலும் இப்பட்டறிவு பயன்பட்டது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்தே டயர் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி பெற்ற முதல் ஊர்தி எனப் பெயர் பெற்றது, இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் உருவான 'டக்' எனும் அமெரிக்க ஈரூடகச் சரக்குந்து ஆகும். கடலிலிருந்து கரையேறும் இவ்வூர்திக்கு இளகிய டயர் தேவைப்பட்டது. கரையைத் தாண்டியதும் சாலைக்கேற்ற இறுகிய டயர் தேவைப்பட்டது. பின்னர் சோவியத் ஒன்றியத்தின் சில் 157 போன்ற படைத்துறைச் சரக்குந்துகளிலும் இவ்வசதி இடம்பெற்றது.

காற்றுத் தடுப்பு கொண்ட பெரிய சரக்குந்துகளில் காற்றமுக்கியும் தொட்டியும் தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகின்றன. நீர்மத் தடுப்பு கொண்ட சிறிய ஊர்திகளில் அவை இல்லை. எனவே ஜீப், லேண்ட் ரோவர், லேண்ட் குரூசர் போன்றவற்றின் உரிமையாளர்கள் தாங்களே ஒரு வழியைத் தேடிக்கொள்ள நேர்ந்தது.

வகைகள்

இன்று மிகுதியாகப் பொருத்தப்படுவது 12 வோல்ட்டு மின்னோடியால் இயங்கும் உந்துருளைக் காற்றமுக்கி. இதன் உருளையில் எண்ணெய் இடப்படுவதில்லை. குறைந்த உராய்வுள்ள வளையமே பிசுட்டனைச் சுற்றி அமைந்துள்ளது. வெளிவரும் காற்றில் எண்ணெய் கலப்பதில்லை. எண்ணெய்த் தேக்கம் இல்லாததால், தயாரிப்பாளர் தடை விதிக்காத வரையில், சாய்த்தும் நிமிர்த்தியும் பொருத்தலாம். ஓர் உருளை கொண்டவை பொதுவாக 20 முதல் 30 ஆம்பியர் வரையும், இரட்டை உருளை கொண்டவை அதன் இருமடங்கு அளவுக்கும் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கின்றன.

இரண்டாவது வகை, ஊர்தியின் பொறியால் வாரிணைப்பின் மூலம் இயக்கப்படுவது. குளிர்சாதனத்துக்காகச் செய்யப்பட்ட அமுக்கியையே காற்றுக்காக மாற்றியமைப்பது அமெரிக்க ஜீப் ஆர்வலரிடையே பரவலான முறையாகும். இதற்கு யார்க் 210 எனும் அமுக்கி பெரிதும் விரும்பப்பட்டது. காரணம் எளியது. பிற்காலத்துக் குளிர்சாதன அமுக்கிகள் பல, குளிர்பொருளுடன் கலந்து சுற்றிவரும் எண்ணெயால் மசகிடப்படுபவை. குளிர்பொருளை நீக்கிக் காற்றை மட்டும் உறிஞ்சச் செய்தால் அவை விரைவில் வறண்டு இறுகிவிடும். யார்க் அமுக்கியோ அடியில் தனக்கென ஓர் எண்ணெய்த் தேக்கம் கொண்டது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 கன அங்குலம் இடப்பெயர்ச்சி உள்ள இவ்வமுக்கி, நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளில் கோட்பாட்டளவில் 330 லிட்டர் காற்றை உறிஞ்சும். மின் காற்றமுக்கி பலவற்றுக்கு இது எட்டாத அளவு. எனினும் வெளிவரும் காற்றில் எண்ணெய்த் துளிகள் கலந்துவருவதால் பிரிப்பான் ஒன்று கட்டாயம் தேவை. புதிய ஊர்திகளில் வாரிணைப்புக்கான இடமும் குறுகிவிட்டதால் இம்முறை பழைய ஊர்திகளுக்கே பெரும்பாலும் பொருந்துகிறது.

மூன்றாவதாக, நீர்மக் காபனீரொட்சைடு அடைத்த உருளையையும் சிலர் எடுத்துச் செல்கின்றனர். இது அமுக்கி அன்று. முன்பே அமுக்கி வைத்த வளிமம். ஒரு கிலோகிராம் காபனீரொட்சைடு விரிந்து ஏறத்தாழ 540 லிட்டர் வளிமமாகிறது. மின்சாரமோ இரைச்சலோ இன்றி டயர் விரைவாக நிரம்பும். ஆனால் ஊசியால் அடைத்த ஓட்டை மெல்லக் கசிந்து நாள்தோறும் காற்றுக் கேட்கும் டயருடன் தொலைநிலத்தில் சிக்கியவருக்குத் தீர்ந்துபோன உருளையால் பயனில்லை. மூடிய ஊர்திக்குள் உருளை கசிந்தால் மூச்சுத்திணறலும் நேரலாம்.

எவ்வளவு காற்று தேவை

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது. நடுத்தர அளவுள்ள சாலைசாரா டயர் ஒன்றின் உட்கொள்ளளவை 70 லிட்டர் எனக் கொள்வோம். அழுத்தத்தை 18இலிருந்து 36 பிஎஸ்ஐ ஆக உயர்த்த வேண்டும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. கூட்ட வேண்டிய 18 பிஎஸ்ஐ என்பது 1.22 வளிமண்டலம். ஆக ஒரு டயருக்குச் சுமார் 86 லிட்டர் வெளிக்காற்று தேவை. நான்கு டயர்களுக்கு 340 லிட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும் கருவி இதற்கு ஏறத்தாழ 9 நிமிடங்கள் ஓட வேண்டும். 120 லிட்டர் தருவதற்கு மூன்று நிமிடங்கள் போதும்.

விளம்பரங்களில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் எதிரழுத்தம் இல்லாத நிலையில், அதாவது குழாய் திறந்த வெளியில் இருக்கும்போது அளந்த எண்ணாகும். டயரின் அழுத்தம் ஏறஏறக் கருவி தரும் காற்றின் அளவு குறைகிறது. எனவே 30 பிஎஸ்ஐ அளவில் எவ்வளவு தருகிறது என்பதையே ஒப்பிட வேண்டும். 150 பிஎஸ்ஐ வரை எட்டும் என்ற பெருமையால் டயர் விரைவாக நிரம்புவதில்லை.

வெப்பம்

காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடாகும் என்பதை மிதிவண்டிக் காற்றடிப்பானைப் பிடித்தவர் அனைவரும் அறிவர். 27 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள காற்றை, வெப்பம் வெளியேற வழியின்றி 36 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தினால், கோட்பாட்டளவில் அது 150 பாகையைத் தாண்டும். 100 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தினால் 270 பாகையை நெருங்கும். உருளைச் சுவரின் வழியே ஒரு பகுதி வெப்பம் வெளியேறுவதால் நடைமுறையில் இவ்வளவு உயர்வதில்லை. ஆயினும் உராய்வும் மின்னோடியின் சுருள்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன.

இதனால்தான் ஒவ்வொரு கருவிக்கும் இயக்க விகிதம் ஒன்று குறிப்பிடப்படுகிறது. குறிப்பிட்ட அழுத்தத்திலும் சூழல் வெப்பநிலையிலும், மொத்த நேரத்தில் எத்தனை விழுக்காடு கருவி ஓடலாம் என்பதை இது காட்டுகிறது. 50 விழுக்காடு என்றால், 20 நிமிடம் ஓடியது ஏறத்தாழ அதே அளவு நேரம் ஓய வேண்டும் எனப் பொருள். இவ்விகிதம் பொதுவாக மிதமான அறை வெப்பநிலையில் கணக்கிடப்படுவது. நண்பகல் பாலையில், இப்போதுதான் குன்றேறி வந்த பொறியின் அருகே, அது அப்படியே பொருந்தும் என எதிர்பார்க்க இயலாது. நல்ல கருவிகளில் சூடு மிஞ்சினால் தானே நின்றுவிடும் வெப்ப வெட்டி உள்ளது. கருவி திடீரென நின்றுவிட்டால் பழுதென முடிவு செய்யுமுன் அதனை ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

இடம்

பொறியறை, இருக்கையின் அடிப்புறம், பின்புறச் சரக்குப் பகுதி ஆகிய மூன்று இடங்களே வழக்கமாகக் கருதப்படுகின்றன. பொறியறை மின்கலத்துக்கு அருகில் இருப்பதால் கம்பி குறுகும். இரைச்சலும் உள்ளே கேட்காது. ஆனால் வெப்பமும் தூசியும் நீரும் அங்கேதான் மிகுதி. வெளியேற்றுக் குழாய்க்கும் டர்போவுக்கும் எதிர்ப்புறத்தில், இயன்றவரை உயரத்தில் பொருத்துவது முறை. இருக்கைக்கு அடியில் வைத்தால் சூழல் தூய்மையானது. ஆனால் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் அடைத்துவிட்டால் பொறியறையைவிட விரைவில் சூடாகும்.

ஓடையைக் கடக்கும் ஊர்தியாயின் காற்றை உறிஞ்சும் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உருளைக்குள் நீர் புகுந்தால் அதனை அழுத்த முடியாமல் உள்ளுறுப்புகள் உடையும். பல கருவிகளில் வடிகட்டியைத் தனியே கழற்றி, ஒரு குழாயின் வழியே உயரமான, தூசி குறைந்த இடத்துக்குக் கொண்டுசெல்ல இயலும்.

தாங்கித் தகடு போதிய தடிமன் உள்ளதாக இருத்தல் வேண்டும். சில கிலோகிராம் எடையுள்ள கருவி, அலையலையான மண்பாதையில் மணிக்கணக்கில் அதிரும்போது மெல்லிய தகடு துளையிட்ட இடத்திலிருந்து வெடித்துக் கிழியும். இரப்பர் அணைகளும் பூட்டு மரைகளும் இதனைக் குறைக்கின்றன. உடற்தகட்டைத் துளையிடுமுன் மறுபக்கத்தில் எரிபொருள் குழாயோ கம்பிக்கற்றையோ இல்லை என்பதைக் கண்ணால் கண்டு உறுதிசெய்ய வேண்டும்.

மின்னிணைப்பு

தீ நேரக்கூடிய இடம் இதுவே. 30 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் சுற்றில், போக வர மொத்தம் 4 மீட்டர் செப்புக் கம்பி இருப்பதாகக் கொள்வோம். கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் எனில் சுமார் 0.8 வோல்ட்டு வழியிலேயே இழக்கப்பட்டு, 25 வாட்டு அளவுக்குக் கம்பி சூடாகும். 6 சதுர மில்லிமீட்டர் எனில் இழப்பு 0.35 வோல்ட்டுக்குள் அடங்கும். பின்புறச் சரக்குப் பகுதியில் கருவியை வைப்பவர் நீளம் கூடுவதற்கேற்ப இன்னும் தடித்த கம்பியை இட வேண்டும். சிகரெட் கொளுத்தித் துளையிலிருந்து இத்தகைய கருவிக்கு மின்சாரம் எடுப்பது கூடாது; அச்சுற்று இவ்வளவு மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டதன்று.

உருகியை மின்கலத்தின் நேர்முனைக்கு இயன்றவரை அருகில் பொருத்த வேண்டும். உருகி காற்றமுக்கியைக் காப்பதற்காக வைக்கப்படுகிறது எனப் பலரும் கருதி, அதனைக் கருவியின் அருகிலேயே அமைத்துவிடுகின்றனர். உண்மையில் அது காப்பது கம்பியை. உடற்தகட்டில் உராய்ந்து கம்பியின் உறை தேய்ந்து குறுக்குச்சுற்று ஏற்பட்டால், உருகிக்கு முந்தைய கம்பியைக் காக்க எதுவும் இல்லை.

ஓட்டுநர் பலகையில் உள்ள ஆளியின் வழியே முழு மின்னோட்டமும் செல்லாமல் ரிலே ஒன்று இடையில் அமைக்கப்படுகிறது. ஆளி ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். தொட்டி அல்லது டிஃபரன்சியல் பூட்டு உள்ள அமைப்பில் அழுத்த ஆளியும் இதே சுருள் சுற்றில் சேர்கிறது. அழுத்தம் குறைந்தால் கருவியை ஓடச் செய்து, மேல் வரம்பை எட்டியதும் நிறுத்துவது அதன் வேலை. இச்சுருள் சுற்றுக்கான மின்சாரத்தைப் பொறித் திறவு திறந்திருக்கும்போது மட்டும் உயிர்பெறும் இணைப்பிலிருந்து எடுப்பது நல்லது. இல்லையேல் குழாயில் உள்ள சிறு கசிவு இரவு முழுதும் கருவியை விட்டுவிட்டு ஓடச்செய்து, விடியலில் பொறியை முடுக்க முடியாதபடி மின்கலத்தை வறட்டிவிடும்.

காற்று நிரப்பும்போது பொறியை ஓடவிடுவது வழக்கம். 30 ஆம்பியரில் கால் மணி நேரம் ஓடினால் செலவாவது 7.5 ஆம்பியர் மணி மட்டுமே. நல்ல மின்கலத்துக்கு இது பெரிதன்று. எனினும் பொறி ஓடுகையில் மின்னழுத்தம் 14 வோல்ட்டை ஒட்டி நிற்பதால் மின்னோடி வேகமாகச் சுழல்கிறது.

குழாய்களும் தொட்டியும்

அமுக்கியிலிருந்து வெளிவரும் முதல் முழக் குழாய் வெப்பத்தைத் தாங்கும் உலோகப் பின்னலுறை கொண்டதாக இருக்க வேண்டும். காற்று ஓரளவு ஆறிய பிறகே நைலான் குழாய் தொடங்கலாம். அமுக்கிக்கும் தொட்டிக்கும் இடையில் உள்ள ஒருவழி வால்வு, தொட்டியின் அழுத்தம் பின்னோக்கி வந்து பிசுட்டனை அழுத்தாமல் தடுக்கிறது. அழுத்த ஆளி பழுதாகி ஒட்டிக்கொண்டால் காற்றை வெளியேற்றுவதற்குப் பாதுகாப்பு வால்வும் வேண்டும். மரை இணைப்புகளில் சுற்றும் வெண்ணிற நாடாவின் பிசிறு உள்ளே சென்று நுண்ணிய வால்வுகளை அடைத்துவிடக்கூடும் என்பதால், முதல் ஓரிரு மரைகளில் நாடாவைச் சுற்றாமல் விடுவர். அல்லது நீர்ம அடைப்பானைப் பூசுவர்.

தொட்டி இருந்தால் டயர் உடனே நிரம்பும் என்பது பரவலான நம்பிக்கை. 4 லிட்டர் தொட்டி 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து 36 பிஎஸ்ஐ ஆக இறங்கும்வரை வெளிவிடும் காற்று ஏறத்தாழ 31 லிட்டர். மேலே கணக்கிட்ட ஒரு டயருக்குத் தேவையான 86 லிட்டரில் இது பாதிகூட இல்லை. தொட்டியின் உண்மையான பயன் வேறு. டிஃபரன்சியல் பூட்டை அழுத்தும் கணத்தில் அமுக்கி ஓடத் தொடங்கும்வரை காத்திராமல் காற்றுக் கிடைக்கிறது. அமுக்கி அடிக்கடி ஓடி நிற்பதும் குறைகிறது. வளையத்திலிருந்து கழன்ற டயரை ஒரே மூச்சில் காற்றைச் செலுத்தி மீண்டும் உட்காரவைக்கவும் தொட்டி உதவும். டயரை நிரப்புவது மட்டுமே நோக்கமாயின் தொட்டிக்கான செலவில் பெரிய அமுக்கியை வாங்குவதே தக்கது.

அழுத்திய காற்று தொட்டியில் ஆறும்போது அதிலிருந்த நீராவி நீராகப் படிகிறது. எனவே தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு அமைத்து அவ்வப்போது திறந்துவிட வேண்டும். தவறினால் எஃகுத் தொட்டி உட்புறத்திலிருந்து துருப்பிடிக்கும். உட்குழிவான முன்தாங்கியையே காற்றுத் தொட்டியாக அடைத்துப் பற்றவைக்கும் வழக்கமும் ஆங்காங்கே உண்டு. மோதலில் நசுங்குவதற்கென உள்ள பாகத்தை அழுத்தக் கலனாக்குவது ஏற்கத்தக்கதன்று. பிவிசி நீர்க்குழாய்களையும் அழுத்தமூட்டிய காற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. அவை உடையும்போது கூரிய சில்லுகளாகத் தெறிக்கின்றன.

டிஃபரன்சியல் பூட்டு

வளைவில் இடப்பக்கச் சக்கரமும் வலப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரன்சியல் இடம்தருகிறது. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணே சுழல, தரையில் உள்ள சக்கரம் நின்றுவிடும். காற்றழுத்தத்தால் ஒரு வளையத்தைத் தள்ளி இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைப்பதே காற்றுப் பூட்டு. 1975இல் மெல்பேர்ணில் தொடங்கப்பட்ட ஏஆர்பி நிறுவனத்தின் ஏர் லாக்கர் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இதற்குச் சுமார் 100 பிஎஸ்ஐ அழுத்தம் தேவை. காற்றின் அளவோ மிகச் சிறிது. அச்சு மேலும் கீழும் அசைவதால் அதற்குச் செல்லும் மெல்லிய குழாயில் போதிய தளர்வு விட வேண்டும். வெளியேற்றுக் குழாயைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனையும் பயன்பாடும்

வேலை முடிந்ததும் அமைப்பை முழு அழுத்தத்துக்கு நிரப்பி, ஒவ்வோர் இணைப்பிலும் சவர்க்கார நீரைத் தடவிக் குமிழிகள் எழுகின்றனவா எனக் காண்பர். பின்னர் இரவு முழுதும் விட்டு, காலையில் அழுத்தமானியைப் பார்ப்பர். முதல் முழு ஓட்டத்தின்போது மின்கம்பியையும் உருகித் தாங்கியையும் கையால் தொட்டுப் பார்த்தல் எளிய சோதனை. அவை கை பொறுக்காத அளவு சூடானால் கம்பி மெல்லியது, அல்லது முனையிணைப்பு தளர்வானது.

டயருக்குக் காற்றுச் சென்றுகொண்டிருக்கும்போது அழுத்தமானி காட்டும் அளவு, டயருக்குள் உள்ளதைவிட மிகையானது. அடிப்பதை நிறுத்திய பிறகே படிக்க வேண்டும். மணலில் ஓடிச் சூடேறிய டயரும் குளிர்ந்த நிலையைவிடச் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். ஆகவே மாலையில் நிரப்பிய டயர்களை மறுநாள் காலையில், புறப்படுமுன், மீண்டும் அளந்து சரிசெய்வது பட்டறிந்த ஓட்டுநரின் வழக்கம்.